தொடக்கநிலை வானோக்கு வழிகாட்டிகளின் அட்சரேகைச் சார்பு: தமிழாக்க நோக்கில் ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

வானியலில் புதிதாக ஆர்வம் கொள்வோருக்கென எழுதப்பட்ட வழிகாட்டி நூல்கள், விண்மீன் வட்டுகள், பொருட்பட்டியல்கள் ஆகியவற்றுள் செல்வாக்கு மிக்கவை பெரும்பாலும் 40° முதல் 50° வரையிலான வட அட்சரேகைகளில் உருவானவை. அவை கூறும் வானம் அந்நிலத்தின் வானமாகும். 8° முதல் 13° வரையிலான வட அட்சரேகைகளில் வாழும் தமிழ் வாசகருக்கு அவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தரும்போது மொழி மாறுகிறது, வானம் மாறுவதில்லை. துருவ விண்மீன், 'கோடை முக்கோணம்' என்னும் பெயர், மெசியே பட்டியல், தொலைநோக்கி ஏந்தி ஆகிய நான்கு சான்றுகளின் வழி இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது. கணினி மென்பொருள்களும் பஞ்சாங்க மரபும் இதற்கு எந்த அளவு தீர்வாகும் என்பதையும் மதிப்பிடுகிறது.

முதன்மைச் சொற்கள்: வானோக்கு, தொடக்கநிலை வழிகாட்டி, அட்சரேகை, அறிவியல் தமிழாக்கம், விண்மீன் பெயர்கள், முதற்பொருள்.

முன்னுரை

அறிவியல் தமிழ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல்லையே மையமாகக் கொள்கின்றன. ஒரு சொல்லுக்கு நிகரான தமிழ்ச்சொல் யாது, அது வடமொழிச் சார்புடையதா, எளிதில் விளங்குகிறதா என்னும் வினாக்களே மிகுதியாக எழுப்பப்படுகின்றன. இயற்பியல், வேதியியல் போன்ற துறைகளுக்கு இவ்வணுகுமுறை பெரிதும் போதுமானது. நீரின் மூலக்கூறு மதுரையிலும் இலண்டனிலும் ஒன்றே. ஆனால் வெறுங்கண்ணால் வானைப் பார்க்கக் கற்பிக்கும் நூலின் நிலை வேறு. அது கூறும் ஒவ்வொரு தொடரும் ஓர் இடத்தையும் ஒரு காலத்தையும் சார்ந்தே உண்மையாகிறது. 'வடக்கே நிமிர்ந்து பார்' என்னும் எளிய கட்டளைகூட எந்த ஊரில் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்துச் சரியாகவோ தவறாகவோ அமையும்.

இதனால் விளையும் இழப்பு சிறியதன்று. வழிகாட்டி கூறியதை வானில் காணாத தொடக்கநிலையாளர் நூலை ஐயுறுவதில்லை. தம் கண்ணையோ அறிவையோதான் ஐயுறுகிறார். மூன்று இரவுகள் தேடிக் காணாதவர் நான்காம் இரவில் மொட்டைமாடிக்கு ஏறுவதில்லை. எனவே தொடக்கநிலை வழிகாட்டியின் தகுதியை அதன் நடை, படம், கலைச்சொல் ஆகியவற்றால் மட்டுமன்றி, அது வாசகரின் வானோடு பொருந்துகிறதா என்பதாலும் அளத்தல் வேண்டும்.

வழிகாட்டி நூலின் இயல்பு

இருபதாம் நூற்றாண்டின் இரு நூல்கள் இவ்வகைமையின் போக்கை நன்கு காட்டுவன. முதலாவது ஹெச்.ஏ. ரே 1952இல் வெளியிட்ட, விண்மீன்களைப் புதிய முறையில் காணக் கற்பிக்கும் நூல். சிறுவர் கதை ஓவியராகப் புகழ்பெற்ற ரே, விண்மீன் குழுக்களின் கோட்டுருவங்களை மாற்றி வரைந்தார். கரடி எனப் பெயரிட்டால் அது கரடியாகவே தோன்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. இரண்டாவது கை கான்சல்மேக்னோவும் டான் டேவிஸும் எழுதி 1989இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட 'டர்ன் லெஃப்ட் அட் ஓரியன்'. ஊர்வழி சொல்வதுபோல, தெரிந்த விண்மீனிலிருந்து தெரியாத பொருளுக்குப் படிப்படியாகக் கண்ணை நகர்த்தும் முறையைச் சிறு தொலைநோக்கி உடையோருக்கு அது கற்பித்தது.

இவ்விரு நூல்களின் சிறப்பை எவரும் மறுக்க இயலாது. கணிதம் இன்றியே வானைக் கற்பிக்க இயலும் என்பதை அவை மெய்ப்பித்தன. ஆயினும் இரண்டின் முறையும் ஓர் எடுகோளின் மேல் நிற்கிறது. உருவம் எந்தச் சாய்வில் தோன்றும், எந்தப் பருவத்தில் எது உச்சிக்கு வரும் என்பவற்றை ஆசிரியரும் வாசகரும் ஒன்றாகவே காண்கின்றனர் என்பதே அது. வட அமெரிக்க, ஐரோப்பிய வாசகருக்கு அவ்வெடுகோள் பெரிதும் பொருந்தும்.

ரேயின் பெருங்கரடியை எடுத்துக்கொள்ளலாம். நடு அட்சரேகை நாடுகளில் அக்குழு பெரிதும் மறைவதில்லை. ஆண்டின் ஒரு பகுதியில் துருவத்திற்குக் கீழே, கால்கள் நிலத்தை நோக்க நிற்கிறது. 10° அட்சரேகையில் துருவமே தொடுவானிலிருந்து 10° உயரத்தில்தான் உள்ளது. ஆகவே கரடி நிமிர்ந்து நிற்கும் கீழ்நிலை முழுவதும் தொடுவானுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. தமிழகத்திலிருந்து காண்பவர் அக்கரடியைப் பக்கவாட்டில் சாய்ந்தோ தலைகீழாகவோதான் காண இயலும். உருவம் பெயரோடு ஒத்திருக்க வேண்டும் என்னும் ரேயின் கொள்கை, இங்கு அவர் வரைந்த படத்தைத் திருப்பி அச்சிட்டால்தான் நிறைவேறும்.

துருவ விண்மீன்: முதற்பாடமா, முதல் தடையா?

ஆங்கில வழிகாட்டிகளில் துருவ விண்மீனைக் கண்டறிதல் பெரும்பாலும் முதற்பாடமாக அமைகிறது. பெருங்கரடியின் முன்னிரு விண்மீன்களை இணைத்து நீட்டினால் துருவ விண்மீன் கிடைக்கும் என்பது அதன் சுருக்கம். 50° அட்சரேகையில் அவ்விண்மீன் வடவானின் பாதி உயரத்துக்கும் மேலே நிற்கிறது. எந்த இரவிலும் எந்தப் பருவத்திலும் அதனைக் காணலாம்.

துருவத்தின் உயரம் பார்ப்பவரின் அட்சரேகைக்குச் சமம். எனவே சென்னையில் அது ஏறத்தாழ 13°, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏறத்தாழ 10°, கன்னியாகுமரியில் 8° உயரத்தில் உள்ளது. 10° உயரத்தில் உள்ள விண்மீனின் ஒளி, உச்சியிலுள்ள விண்மீனின் ஒளி கடப்பதைப் போல 5 மடங்குக்கும் மேற்பட்ட காற்றைக் கடந்து வருகிறது. துருவ விண்மீனோ இரண்டாம் தரப் பொலிவே உடையது. கடற்கரை ஈரப்பதம், புழுதி, நகர ஒளி, அயல்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைத்தும் அதே 10 பாகைக்குள்தான் அமைகின்றன. ஐரோப்பிய வாசகருக்கு எளிதான முதற்பாடம் தமிழ் வாசகருக்கு முதல் தடையாக மாறுவதன் காரணம் இதுவே.

பாடத்தை முற்றிலும் கைவிட வேண்டும் என்பதன்று இதன் பொருள். காலத்தையும் திசையையும் திருத்திச் சொன்னால் அது பயன்படும். சித்திரை மாத முன்னிரவில் சப்தரிஷி மண்டலம் வடவானில் ஏறத்தாழ 40° உயரம்வரை எழுந்து நிற்கும். அப்போது அதன் சுட்டு விண்மீன்களிலிருந்து கோட்டைக் கீழ்நோக்கி இறக்க வேண்டும். கார்த்திகை மாத முன்னிரவில் அம்மண்டலத்தைத் தேடுவது வீண். 'எக்காலத்தும் மறையாத விண்மீன்கள்' என்று வழிகாட்டிகள் சிறப்பித்துக் கூறும் கூட்டம், 10° அட்சரேகையில் துருவத்தைச் சுற்றிய 10° வட்டத்துக்குள் சுருங்கிவிடுகிறது. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும்போது இத்திருத்தம் செய்யப்படாவிடில், மொழிபெயர்ப்பு இலக்கண வழுவின்றியும் பொருள் வழுவோடும் அமையும்.

கோடை முக்கோணம்: பெயரின் இடப்பெயர்ச்சி

வேகா, டெனெப், ஆல்டேர் ஆகிய மூன்றும் அமைக்கும் பெரிய முக்கோணத்திற்கு ஆங்கிலத்தில் கோடையை அடையாகக் கொண்ட பெயர் வழங்குகிறது. தமிழில் இது 'கோடை முக்கோணம்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்படுகிறது. அகராதி நோக்கில் இதில் பிழையில்லை. ஆயினும் கோடை என்னும் சொல் இரு நிலங்களில் இரு வேறு மாதங்களைக் குறிக்கிறது.

ஐரோப்பியக் கோடை சூன் முதல் ஆகஸ்டு வரை. தமிழகத்தில் கோடை என்றால் சித்திரையும் வைகாசியும். ஏப்ரல் இறுதியில் தமிழகத்தில் வேகா எழுவதற்கே இரவு 9.30 மணிக்கு மேலாகிறது. ஆல்டேரும் டெனெபும் எழுந்து முக்கோணம் முழுமை பெற நள்ளிரவு நெருங்கிவிடும். பள்ளி விடுமுறையில், கோடை முன்னிரவில், நூலை நம்பிக் கீழ்வானைப் பார்க்கும் மாணவர் அங்கு முக்கோணத்தைக் காண்பதில்லை. அது முன்னிரவில் உயரத்தில் திகழ்வது ஆவணி, புரட்டாசி மாதங்களில்தான். அப்போது ஆல்டேர், அதாவது திருவோணம், ஏறத்தாழ உச்சிக்கே வருகிறது.

ஆகவே இங்கு வேண்டப்படுவது புதிய கலைச்சொல் அன்று, சரியான பொழுது. 'ஆவணி முக்கோணம்' என்றோ 'திருவோண முக்கோணம்' என்றோ பெயரிடுவது ஒரு வழி. பெயரை மாற்றாமல் மாதத்தை மட்டும் குறிப்பது இன்னொரு வழி. எதைத் தேர்ந்தாலும், நான்கு பருவங்களாக நூலைப் பகுக்கும் ஐரோப்பிய அமைப்பை அப்படியே ஏற்பது பொருந்தாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் திசம்பர் வரை தமிழக வானை மூடுகிறது. தை முதல் சித்திரை வரையிலான மாதங்களே வானோக்குக்கு நம்பகமானவை. தமிழ் வழிகாட்டி தன் பக்கங்களுள் பெரும்பகுதியை அம்மாதங்களுக்கு ஒதுக்குவதே முறை.

தமிழ்க் கவிதையியல் இதற்கு ஒரு கருத்தாக்கத்தை ஏற்கெனவே கொண்டுள்ளது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுக்கிறது. கருப்பொருளும் உரிப்பொருளும் அவற்றின் மேல் அமைவன. வானோக்கு நூலுக்கும் இதே வரிசை பொருந்தும். அட்சரேகையும் மாதமும் முதலில் நிற்க வேண்டும், விண்மீன்கள் அவற்றைத் தொடர வேண்டும். தற்போதைய பெயர்ப்பு முறை கருப்பொருளை மட்டும் கொண்டுவந்து முதற்பொருளை மூலமொழியின் நிலத்திலேயே விட்டுவிடுகிறது.

மெசியே பட்டியலும் விடுபட்ட தென்வானும்

தொலைநோக்கி வாங்கிய ஒருவருக்குப் பரிந்துரைக்கப்படும் முதல் பட்டியல் சார்லஸ் மெசியேயினுடையது. இன்று 110 பொருள்களைக் கொண்டதாக வழங்கும் அப்பட்டியல், வால்மீன் தேடிய ஒருவர் வால்மீன் எனத் தவறாகக் கருதத்தக்க மங்கலான பொருள்களை விலக்குவதற்காகத் தொகுத்தது. அவர் பார்த்தது 49° அட்சரேகையை ஒட்டிய பாரிசு நகரிலிருந்து. எனவே பட்டியலின் தென்கோடிப் பொருளான மெ.7 விண்மீன் கொத்து நடுவரையிலிருந்து 35° தெற்கோடு நின்றுவிடுகிறது. அதற்கும் தெற்கே உள்ளவை அவருக்கு இல்லாதவை.

தமிழகத்திற்கு அவை உள்ளவை. வானின் மிகப் பொலிவான கோளக் கொத்தாகிய ஒமேகா சென்டாரி, மதுரையில் 32° உயரத்திற்கும் மேலாக எழுகிறது. வெறுங்கண்ணுக்கே மங்கிய விண்மீன்போல் புலப்படும் அப்பொருள் மெசியே பட்டியலில் இல்லை. தென்சிலுவையின் அடி விண்மீன் மதுரையில் 17° வரை உயர்கிறது. மே நடுப்பகுதியில் இரவு 9 மணியளவில் அதனைத் தெற்கே காணலாம். விருச்சிகத்தின் வால்முனை இலண்டனில் தொடுவானை ஒட்டி ஏறத்தாழ 1° உயரமே எழுவது, மதுரையில் 43° வரை எழுந்து முழுத் தேளாகத் தோன்றுகிறது.

இக்குறையை உணர்ந்தே பேட்ரிக் மூர் 1995இல் 109 பொருள்கள் கொண்ட கால்டுவெல் பட்டியலை வெளியிட்டார். வடக்கிலிருந்து தெற்காக வரிசைப்படுத்தப்பட்ட அப்பட்டியலில் ஒமேகா சென்டாரி 80ஆம் இடம் பெறுகிறது. மெசியே பட்டியலோடு இதனையும் இணைத்து, தமிழகத்தில் 20° உயரத்திற்கு மேல் எழுவனவற்றை மட்டும் தேர்ந்து ஒரு பட்டியல் அமைப்பது கடினமான பணியன்று. தேர்வு என்பது மொழிபெயர்ப்பாளரின் பணியன்று என்னும் எண்ணமே அதற்குத் தடையாக உள்ளது.

தென்வானை நோக்கும் மரபு இந்நிலத்திற்குப் புதியதன்று. பரிபாடலின் 11ஆம் பாடல் வையைப் பெருக்கின் காலத்தைக் கோள்நிலைகளால் குறிக்கும்போது, பொதியில் முனிவன் என அகத்திய விண்மீனையும் சேர்த்துக் கூறுகிறது. கனோபஸ் எனப்படும் அவ்விண்மீன் வானில் இரண்டாவது பொலிவு மிக்கது. இலண்டன், பாரிசு, நியூயார்க் ஆகியவற்றின் வானில் அது எழுவதே இல்லை. சென்னையிலோ 24° உயரத்தில் விளங்குகிறது. 1867இல் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஆர் ரெட்டிகுலி என்னும் விண்மீனின் பொலிவு மாறுவதைக் கண்டறிந்தார். நடுவரையிலிருந்து 63° தெற்கே உள்ள அது ஐரோப்பிய வானாய்வகங்களின் தொடுவானுக்குக் கீழ்ப்பட்டது. பிற்காலத்தில் காவலூரில் வானாய்வகம் அமைந்தபோதும், தென்வானை எட்டும் தாழ் அட்சரேகை ஒரு நன்மையாகக் கருதப்பட்டது. தொழில்முறை வானியல் நன்மையாகக் கண்ட ஒன்றைத் தொடக்கநிலை வழிகாட்டிகள் காணாமல் விடுவது முரணானது.

கருவியும் நடைமுறையும்

கருவி பற்றிய அறிவுரைகளிலும் இச்சார்பு தொடர்கிறது. நடுவரை ஏந்தியின் அச்சைத் துருவ விண்மீனை நோக்கித் திருப்பும் முறையை வழிகாட்டிகள் விரிவாகக் கற்பிக்கின்றன. 10° அட்சரேகையில் அவ்வச்சு ஏறத்தாழக் கிடைமட்டமாகிறது. எதிர்ச்சுமைத் தண்டு முக்காலியில் முட்டும். குறிவைக்க வேண்டிய விண்மீனோ கட்டடங்களுக்குப் பின் மறைந்திருக்கும். எளிய மேல்கீழ், பக்கவாட்டு அசைவுடைய டாப்சன் வகை ஏந்தி தொடக்கநிலைத் தமிழ் வாசகருக்கு ஏற்றது என்பதை அட்சரேகையே முடிவு செய்கிறது.

விண்மீன் வட்டுகளும் குறித்த அட்சரேகைக்கெனவே செய்யப்படுகின்றன. வடதுருவத்தை மையமாகக் கொண்டு வரைவதால் தென்வான் வட்டின் விளிம்பில் அகன்று சிதைகிறது. தமிழ் வாசகருக்கு மிகுந்த பயன் தரும் பகுதியே மிகுந்த சிதைவுக்கு உள்ளாகிறது. வளர்பிறையின் வலப்பக்கம் ஒளிரும் என்னும் குறிப்பும் அத்தகையதே. இங்கு மாலைப் பிறை பெரும்பாலும் தோணிபோல் கிடந்து, அடிப்பக்கம் ஒளிர்வதாகத் தோன்றும். குளிராடை பற்றிய பக்கங்களுக்கு மாற்றாக, வில்லையில் பூஞ்சை படராமல் காப்பது பற்றிய ஒரு பத்தி இங்கு மிகுந்த பயன் தரும்.

எதிர்த்திசையில் உள்ள நன்மைகளும் கூறப்படுவதில்லை. கோள்கள் செல்லும் பாதை இங்கு உச்சியை ஒட்டி அமைவதால் அவை உயர்ந்து, தெளிந்த காற்றினூடே தெரிகின்றன. அந்திப்பொழுது சுருங்கியது. கதிரவன் மறைந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருள் சூழ்கிறது. இலண்டனில் சூன் மாத இரவுகள் முழுமையாக இருள்வதே இல்லை.

மென்பொருள்கள் தீர்வாகுமா?

இச்சிக்கல் காகித நூல்களோடு முடிந்துவிட்டது என ஒருவர் வாதிடலாம். ஃபாபியன் ஷெரோ 2000இல் தொடங்கிய ஸ்டெல்லேரியம் போன்ற திறந்தமூல மென்பொருளில் ஊரைத் தேர்ந்தால் அவ்வூரின் வானம் திரையில் விரிகிறது. கைபேசிச் செயலிகள் இருப்பிடத்தைத் தாமே அறிகின்றன. அட்சரேகைச் சார்பு இங்கு இல்லை.

இவ்வாதம் பாதி உண்மையே. மென்பொருள் காட்டுகிறது, கற்பிப்பதில்லை. எதை முதலில் காண்பது, எதிலிருந்து எதற்குச் செல்வது, எதை இப்போதைக்கு விடுவது என்னும் வரிசைமுறையே கற்பித்தலின் உயிர். கைபேசியை வானை நோக்கி உயர்த்திப் பெயரைப் படிப்பவர் பெயரை அறிகிறார். திரையை அணைத்தபின் அவ்விண்மீனைத் தாமே மீண்டும் கண்டறியும் திறன் அவருக்கு வாய்ப்பதில்லை. அத்திறனை வளர்த்ததே ரே போன்றோரின் சாதனை. ஆகவே மென்பொருள் வழிகாட்டி நூலின் தேவையை நீக்கவில்லை. மாறாக, உள்ளூர் வானைச் சரிபார்த்து நூல் எழுதுவதை எளிதாக்கியுள்ளது. திருத்தாமல் பெயர்ப்பதற்கு இருந்த சாக்கு இதனால் இல்லாமற்போகிறது.

மரபறிவின் இடமும் எல்லையும்

தமிழ் வாசகரிடம் வேறெந்த ஐரோப்பிய வாசகரிடமும் இல்லாத ஒரு முன்னறிவு உண்டு. அசுவினி முதல் ரேவதி வரையிலான 27 பெயர்களை அவர் விண்மீன் என அறியாமலே அறிந்திருக்கிறார். ரோகிணி அல்டெபரான் ஆகும். சித்திரை ஸ்பைகா, சுவாதி ஆர்க்டரஸ், கேட்டை அன்டாரிஸ், மகம் ரெகுலஸ் என இன்று பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. மாசி மகத்தன்று முழுநிலா ரெகுலஸை ஒட்டியும், திருக்கார்த்திகையன்று கார்த்திகைக் கூட்டத்தை ஒட்டியும் நிற்கிறது. விழா நாட்காட்டியே ஒரு வானோக்கு அட்டவணையாகப் பயன்படத்தக்கது.

ஆயினும் இவ்வறிவை எல்லையறிந்தே பயன்படுத்த வேண்டும். பஞ்சாங்கத்தில் ஒரு நட்சத்திரம் என்பது வான்பாதையின் 13° 20' கொண்ட சமபகுதி. கண்ணால் காணும் விண்மீன் அப்பகுதியின் எல்லைக்குள் எங்கும் இருக்கலாம். சில பகுதிகளின் அடையாள விண்மீன்கள் பாதையை விட்டு வெகுதொலைவில் உள்ளன. சுவாதி அதற்குத் தெளிவான சான்று. மேலும் முழுநிலாவின் ஒளியில் கார்த்திகைக் கூட்டத்தின் விண்மீன்களைப் பிரித்தறிவது கடினம். விழாநாள் திசையைக் காட்டும், காட்சிக்கு அதன் பின்வரும் இருண்ட இரவுகளே ஏற்றவை.

மரபுப் பெயரை வைத்ததனாலேயே நூல் தமிழ் வானுக்கு உரியதாகிவிட்டது எனக் கருதுவதும் ஒரு மயக்கமே. துருவ விண்மீனிலிருந்து தொடங்கும் பாடத்தில் பெருங்கரடியை எழுமீன் என்று மாற்றினாலும் அது 50° அட்சரேகையின் பாடமாகவே இருக்கும். அயற்பெயர்களை விலக்குவதும் தீங்கு பயக்கும். படங்களும் மென்பொருள்களும் பன்னாட்டுப் பெயர்களையே வழங்குவதால், பெட்டல்ஜூஸ், திருவாதிரை ஆகிய இரண்டையும் அறிந்தவரே மேற்கொண்டு கற்க இயலும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின் வழிப் பெறப்படுவன வருமாறு.

1. தொடக்கநிலை வானோக்கு வழிகாட்டி நிலமும் பொழுதும் சார்ந்த நூல்வகை. அதனைத் தமிழாக்குவது சொற்பெயர்ப்பால் முற்றுப்பெறாது. ஒவ்வொரு திசை, உயரம், மாதக் குறிப்பும் 8° முதல் 13° வரையிலான அட்சரேகைகளுக்கு மீளக் கணிக்கப்பட வேண்டும்.

2. தமிழ் வாசகருக்கான முதற்பாடம் துருவ விண்மீனாக இருக்க வேண்டியதில்லை. தை, மாசி முன்னிரவுகளில் உயர்ந்து நிற்கும் ஓரியனில் தொடங்கி, சிரியஸ் வழியாகத் தெற்கே இறங்கி, அகத்திய விண்மீனில் முடியும் பாதை, பொலிவு மிக்க விண்மீன்களையே படிகளாகக் கொண்டது. நகர வானிலும் அது பயன்படும்.

3. பொருட்பட்டியலை மெசியேயோடு நிறுத்தாமல், தென்வான் பொருள்களையும் சேர்த்து உள்ளூர் உயரத்தின் அடிப்படையில் தேர்தல் வேண்டும்.

4. மென்பொருள்களைச் சரிபார்க்கும் கருவியாகவும், நட்சத்திரப் பெயர்களை வாசகரின் முன்னறிவாகவும் கொள்ளலாம். இரண்டும் கற்பிக்கும் வரிசைமுறைக்கு மாற்றாகா.

ஒரு தமிழ் வானோக்கு நூலை மதிப்பிடும் திறனாய்வாளர் அதன் கலைச்சொற்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், அது குறித்த மாதத்தில், குறித்த நேரத்தில், அதை ஒரு மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்று பார்த்தல் வேண்டும். அங்கு வாய்மை பெறும் நூலே தமிழில் எழுதப்பட்ட நூல் எனத் தகும்.